சீனி போடாத சர்பத்து

சித்திரை பிறந்துவிட்டால் வெள்ளவத்தையிலே கடற்காற்றுங்கூட அடுப்படிக் காற்றைப் போலவே வீசும். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில், பிள்ளைகள் மாலை வகுப்பு முடிந்து வரும் வேளை பார்த்து ஐஸ்கிறீம் வண்டி மணியடித்துக்கொண்டு வரும். அந்த மணியோசை கேட்டதும் எமது வீட்டிலே இருவர் தலைநிமிர்வது வழக்கம். ஒருத்தி 9 வயதுடைய எம் மகள். மற்றவர் 74 வயதான எம் தாயார். மகள் காசு கேட்டு ஓடி வருவாள். தாயார் ஒன்றுங் கேளார். மடியிலிருக்கும் திருமுறைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டுவார், ஆனால் படிக்கமாட்டார்.

அவருக்கு நீரிழிவு கண்டு 12 ஆண்டுகளாகின்றன. எம் பாட்டனார் காலத்தில் இதனைச் சலரோகம் என்றார்கள்; இன்று எல்லாரும் சீனி வருத்தம் என்கின்றனர். பெயரிலேயே சீனி இருப்பதனாலோ என்னவோ, ஒருவருக்கு இந்நோய் வந்துவிட்டால் வீட்டிலுள்ள மற்றையோர் சீனிக்குக் காவற்காரராகி விடுகின்றனர். நாமும் அவ்வாறே ஆனோம். இனிப்பு வாங்கினால் மறைத்து வைத்தோம். பிறந்தநாட் கேக்கை அடுக்களைக்குள் வைத்து வெட்டினோம். பேத்தி ஐஸ்கிறீம் உண்பதானால் உள்ளறைக்குப் போய் உண்ணவேண்டும் என்று ஒரு சட்டமும் இயற்றினோம். இவையெல்லாம் அம்மாவின் நன்மைக்கே என்று நாம் நம்பியிருந்தோம்.

ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தோம். அடுக்களையில் விளக்கு இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவு மட்டுந் திறந்திருந்தது. அந்த வெளிச்சத்திலே அம்மா நின்று, பேத்தி மிச்சம் வைத்த கிண்ணத்தின் அடியை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் திகைத்துப்போய்க் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தார்.

“ருசி பாத்தனான், தம்பி. வேறொண்டுமில்லை” என்றார்.

எம்மை வளர்த்துப் படிப்பித்து ஆளாக்கிய ஒருவர் எம் முன்னே அவ்வாறு நிற்க நேர்ந்ததே என்று அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்து உண்ணக்கூடிய குளிர்ந்த பண்டம் ஒன்றைச் செய்யவேண்டும் என்று அப்போதுதான் எண்ணினோம். பாலும் ஆடையும் வேண்டாம். இயன்றவரை சீனியும் வேண்டாம். பழம் மட்டும் போதும்.

மேனாட்டார் இதனைச் ‘சோர்பே’ என்பர். பெயர் புதிதுபோல் ஒலித்தாலும் பொருள் எமக்குப் புதிதன்று. அரபு மொழியிலே குடித்தலைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து பாரசீகர் ‘ஷர்பத்’ என்றனர். அதுவே மேற்கே போய் இத்தாலியரிடம் ‘சோர்பெத்தோ’ ஆயிற்று. பிரெஞ்சுக்காரரிடம் ‘சோர்பே’ ஆயிற்று. எம்மிடம் வந்து சர்பத்து ஆயிற்று. கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கிப் புறக்கோட்டைக்கு நடப்போர், கசகசா மிதக்கும் சர்பத்துக் குவளையைக் காணாமலிரார். அந்தச் சர்பத்தே உறைந்தால் சோர்பே. ஆதலால் நாமும் இங்கே உறைசர்பத்து என்றே எழுதுகின்றோம்.

உறைய வைப்பது இன்று ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. முன்னாளில் அது மன்னருக்கும் எட்டாத செயலாக இருந்தது. இந்துஸ்தானத்தில் பனிக்கட்டியும் இல்லை, குளிர்ந்த நீரும் இல்லை என்று பாபர் தம் நினைவுக் குறிப்புகளிலே குறைப்பட்டுக் கொண்டார். பின்னர் 1833 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து ஏரிகளிலே வெட்டிய பனிக்கட்டி, மரத்தூள் பொதிந்து கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தது. சென்னையில் அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்கென 1842 இல் கடற்கரையோரம் கட்டிய ஐஸ் ஹவுஸிலேதான், 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கிய விவேகானந்த சுவாமிகள் அடுத்த மாதம் தங்கியிருந்தார். இன்று அஃது அவர் பெயராலேயே வழங்குகின்றது. கொழும்பிலும் 1866 இலேயே ஐஸ் கம்பனி ஒன்று தோன்றிவிட்டது. யானைச் சின்னம் பொறித்த ஐஸ்கிறீமையும் சோடாவையும் இன்று எமக்கு விற்பது அதன் வழிவந்த நிறுவனமே. வரலாறு இவ்வளவு போதும், அடுக்களைக்கு வருவோம்.

முதன்முறை நாம் செய்தது மிக எளிது என்றெண்ணிச் செய்த வேலை. நல்ல அன்னாசிப் பழம் ஒன்றை அரைத்துச் சாறு பிழிந்தோம். சீனி ஒரு கரண்டிதானும் சேர்க்கவில்லை. தட்டத்தில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் மேலறையில் இரவு முழுவதும் வைத்தோம். மறுநாட் காலையில் எடுத்துப் பார்த்தால் மஞ்சள் நிறக் கல் ஒன்று இருந்தது. கரண்டி வளைந்தது. இல்லாள் தேங்காய் உடைக்கும் கத்தியைக் கொண்டுவந்தார். அம்மா நாற்காலியிலிருந்தபடியே, “உதென்ன தம்பி, அம்மியோ?” என்று கேட்டார். நெடுநாளைக்குப் பின் அவர் சிரித்ததைக் கண்ட ஒன்றே அன்றைய இலாபம்.

எமக்கு இதன் காரணம் விளங்கவில்லை. எமது கல்லூரியில் இரசாயனவியல் கற்பிக்கும் நண்பரிடம் கேட்டோம். அவர் சொன்ன விடயம் மாணவர்களுக்கும் பயன்படும் ஆதலால் சற்று விரித்துக் கூறுவோம்.

தூய நீர் பூச்சியப் பாகையிலே உறைகின்றது. நீரிலே சீனி கரைந்திருப்பின், நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பளிங்காவதற்குச் சீனியின் மூலக்கூறுகள் இடையூறாக நிற்கின்றன. அதனால் உறைவதற்கு இன்னுங் கூடிய குளிர் வேண்டியிருக்கின்றது. நீரில் ஒரு பகுதி உறைய உறைய, எஞ்சிய நீரிலே சீனி மேலுஞ் செறிவாகி மேலும் உறையாமல் நிற்கும். கடையிலே விற்கும் உறைசர்பத்தில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை சீனி இருப்பதற்கு இதுவே காரணம். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிரிலும் அதன் ஒரு பகுதி பாகாகவே இருக்கின்றது. ஆகையால் கரண்டி இறங்குகின்றது. முற்காலத்துச் சமையற்காரர், பாகிலே முட்டையொன்றை மிதக்கவிட்டு, சிறு நாணயமளவு ஓடு மேலே தெரிந்தால் சீனி அளவாயிற்று என்று அறிந்துகொண்டனராம். சீனி இனிப்பதற்காக மட்டும் அங்கே இல்லை, மென்மைக்காகவும் இருக்கின்றது. அதனை எடுத்துவிட்டால் மென்மைக்கு வேறொரு வழி பார்க்கவேண்டும். அந்த வழி நார்ச்சத்தும் கையுழைப்புமே என்றார் நண்பர்.

இன்னொன்றுஞ் சொன்னார். குளிர்ந்த நாவுக்கு இனிப்புக் குறைவாகவே தெரியும். சூடான வேளையில் தித்திக்கும் பாகு, உறைந்தபின் சப்பென்று இருக்கும். உருகிய ஐஸ்கிறீமை ஒரு வாய் குடித்துப் பார்த்தால், எவ்வளவு சீனியை அறியாமல் விழுங்கி வந்தோம் என்பது விளங்கும். நாம் குடித்துப் பார்த்தோம். இரண்டாம் வாய் இறங்கவில்லை.

இரண்டாம் முறை சாற்றைப் பிழியாமல் சக்கையோடே அரைத்தோம். தட்டத்தில் ஊற்றி, அரைமணிக்கு ஒரு முறை முள்ளுக்கரண்டியால் ஓரங்களைச் சுரண்டி நடுவிலே தள்ளினோம். இவ்வாறு நான்கைந்து முறை செய்தால் பெரிய பளிங்குகள் உடைந்து, தூறல்போற் சிறு மணிகளாகும். பழுதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒருவர் குளிர்சாதனப் பெட்டிக்கு அடிமையாயிருக்க வேண்டும். வத்தகப்பழத்துக்கு இம்முறையே தக்கது. அதிலே நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நீராதலால் வேறெவ்வாறு செய்தாலுங் கல்லாகிவிடும்.

மூன்றாவது முறையைக் கண்டுபிடித்தவள் எம் மகளே. பழத்தை அரைத்துவிட்டு உறையவைப்பதைக் காட்டிலும் உறையவைத்துவிட்டு அரைத்தால் என்ன என்று கேட்டாள். கேட்டபோது அதட்டினோம், பின்னர் செய்து பார்த்து வாயடைத்துப் போனோம். இப்போது எமது வீட்டில் நிலைத்திருப்பது அம்முறையே.

கொட்டாஞ்சேனைச் சந்தையிலே வாங்கிய நன்கு பழுத்த அன்னாசி ஒன்று. தோலும் முள்ளும் நடுத்தண்டும் நீக்கியபின் அரைக் கிலோ சதை இருக்கவேண்டும். பழுத்ததா என்பதை அடிப்பக்கத்தை மோந்து பார்த்தே அறியவேண்டும். நிறத்தை நம்புதல் கூடாது. பப்பாசிச் சதை 200 கிராம். கதலி வாழைப்பழம் ஒன்று. இவை மூன்றையும் விரற்கடையளவு துண்டுகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டத்தில் பரப்பி, ஆறு மணி நேரமேனும் உறைய விடவேண்டும். எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்தபின், இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, அரைத் தேக்கரண்டி இஞ்சிச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அரைக்கவேண்டும். தொடர்ந்து அரைத்தால் யந்திரஞ் சூடேறிவிடும். விட்டு விட்டு, இடையிடையே கிளறிக்கொடுத்து அரைப்பதே நன்று. முதலில் மணலாக உதிரும். மனந்தளர வேண்டாம். சிறிது நேரத்தில் வெண்ணெய்போல் திரண்டு வரும். அப்பொழுதே உண்பது உத்தமம். பின்னர் வேண்டுமாயின் மூடிவைத்து, உண்பதற்குப் பத்து நிமிடம் முன்னே வெளியில் எடுத்து வைக்கவேண்டும்; அந்தப் பத்து நிமிடம் மென்மையையுந் தரும், இனிப்பையும் நாவுக்குக் கூட்டிக் காட்டும்.

வாழைப்பழம் எதற்கு என்று கேட்பீர்கள். அதன் பசைத்தன்மையே சீனி செய்த வேலையிற் பாதியைச் செய்கின்றது. உப்பு எதற்கு? யாழ்ப்பாணத்தார் அன்னாசித் துண்டிலும் மாங்காயிலும் உப்புந் தூளும் தொட்டு உண்பது எதற்காகவோ அதற்காகவே. பால் சேர்த்தால் இன்னுஞ் சுவைக்குமே என்று எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை: பச்சை அன்னாசியிலும் பப்பாசியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதியம் உண்டு; பாலோடு சிறிது நேரம் இருந்தாற் கசந்துவிடும். பாலில்லாத இப்பண்டத்துக்கு இவ்விரு பழங்களும் பொருந்தியது அதனாலேதான்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஏங்கவேண்டியதில்லை. உடைத்த பனிக்கட்டி மூன்று பங்கு, சமையலுப்பு ஒரு பங்கு எடுத்து வாளியிலே கலந்தால், குளிர் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்கக்கூடும். உப்புப் பட்டதும் பனிக்கட்டி உருகத் தொடங்குகின்றது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து பறித்துக்கொள்கின்றது. அரைத்த பழத்தை மூடியுள்ள தகரப் பேணியில் இட்டு அவ்வாளிக்குள் வைத்துச் சுழற்றிக்கொண்டேயிருந்தால் அரைமணியில் உறைந்துவிடும். 2022 இல் நாளொன்றுக்குப் பத்து மணிக்கு மேலாக மின்சாரம் தடைப்பட்ட அந்தப் பங்குனி மாதத்திலே இதனைத்தான் எண்ணிக்கொண்டோம். ஆனால் பனிக்கட்டி எங்கே கிடைத்தது! மின்தடையால் உருகிப்போன உறைசர்பத்தை மீண்டும் உறையவைத்து உண்ணவேண்டாம் என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகின்றோம்.

இதுவரை கூறியது வெற்றியின் கதை. எமது தவறு இனித்தான் வருகின்றது.

ஆனி மாதத்திலே ஊரிலிருந்து மாம்பழப் பெட்டி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு புறப்படும் பேருந்துகள் விடியற்காலையில் வெள்ளவத்தைக்கு வந்து சேரும். பிரயாணிகளோடு பெட்டிகளும் இறங்கும். வைக்கோலை நீக்குமுன்னரே வாசனை ஒழுங்கை முழுவதும் பரவிவிட்டது. கறுத்தக்கொழும்பான். கொழும்பின் பெயரைத் தாங்கி யாழ்ப்பாணத்திலே காய்க்கும் அப்பழத்துக்கு ஈடு வேறில்லை என்பது அம்மாவின் தீர்ப்பு. அதனை எதிர்த்து வாதாடியோர் எமது குடும்பத்தில் இல்லை. நோய் கண்டபின் அவர் அதனைத் தொட்டதில்லை. நாமும் தொடவிட்டதில்லை.

எமக்குத்தான் இப்போது வித்தை கைவந்துவிட்டதே! மாம்பழத்தையும் உறையவைத்து அரைத்தோம். ஒரு கரண்டி சீனியும் சேர்க்கவில்லை. பெருமையோடு பெரிய பாத்திரத்தை அம்மாவின் முன்னே வைத்து, “சீனி போடாதது அம்மா, பயப்படாமல் சாப்பிடுங்கோ” என்றோம். முதற் கரண்டியை வாயிலிட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கிண்ணம் ஆயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவது கிண்ணத்தை எம் இல்லாளே நிரப்பிக் கொடுத்தார். பன்னிரண்டு ஆண்டு ஆசையை எவர்தாம் தடுக்க மனங்கொள்வார்?

இரண்டு மணி நேரத்தின் பின் அம்மா களைப்பாயிருக்கின்றது என்று படுத்துக்கொண்டார். தாகம் என்று இருமுறை நீர் கேட்டார். வீட்டிலே குருதிச் சீனி பார்க்கும் சிறு கருவி உண்டு. விரலிலே குத்திப் பார்த்தோம். வழக்கமாக உணவுக்குப் பின் 160, 170 என்று காட்டும் கருவி 268 என்று காட்டியது. கை நடுங்கிற்று, கருவியிலே பிழையோ என்று மறுவிரலில் குத்தினோம். 271.

அம்மா கோபிக்கவில்லை. “சீனி போடேல்லையெண்டு நீதானே தம்பி சொன்னனீ” என்றார். அவ்வளவே.

போடவில்லை என்பது உண்மை. இல்லை என்பது பொய். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் கற்பிக்கும் நாம் அறியாமற் போனோமே! மாம்பழத்திலே 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம் சீனி இயற்கையாகவே இருக்கின்றது. கிண்ணம் ஒன்று 100 கிராம் என்றால் மூன்று கிண்ணத்துக்கு 42 கிராம். தேக்கரண்டி ஒன்றுக்கு 4 கிராம் என்று கணக்கிட்டால் பத்துக் கரண்டிக்கு மேலாகின்றது. பத்துக் கரண்டிச் சீனியை யாரேனும் கோப்பியிலே இட்டுத் தந்தால் அடுத்த கணமே தட்டிப் பறித்திருப்போம். பழமாக வந்ததால் நாமே ஊட்டினோம். அம்மாவின் ஆசையைத் தீர்த்தோம் என்னும் பெருமிதத்தில் கண் மறைந்துவிட்டது.

மறுநாள் அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் மருந்தளவைப் பார்த்தபின் போசணை ஆலோசகரான ஓர் அம்மையாரிடம் அனுப்பினார். அந்த அம்மையார் எம்மைக் கடிந்துகொள்வார் என்று அஞ்சியிருந்தோம். அவரோ முதலில் அம்மாவைப் பார்த்து, “எந்தப் பழம் உங்களுக்கு அதிகம் விருப்பம், அம்மா?” என்று கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் அவரிடம் அக்கேள்வியை நாம் ஒருவருங் கேட்டதில்லை.

அவர் கூறியவற்றின் சாரம் இது. நீரிழிவுள்ளவருக்குப் பழம் விலக்கன்று, அளவே வேண்டும். முழுப்பழமாகவோ சக்கையோடு அரைத்தோ உண்பது நல்லது. சாறாக வடித்தால் நார்ச்சத்துப் போய்விடும், சீனி விரைவாகக் குருதியில் ஏறும். அரைத்த பழமும் கடித்துண்ட பழத்துக்கு முற்றும் ஈடாகாது. கடிக்கும்போது வயிறும் வாயும் போதும் என்று சொல்லும், கரண்டியால் எடுத்து விழுங்கும்போது சொல்லாது. உறைசர்பத்து உண்ணும் நாளிலே சோற்றிலோ இடியப்பத்திலோ அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். மேலதிகமாக உண்ணுதல் கூடாது. எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அவரவர் வைத்தியரே சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலிலே, தேனையும் பாகையும் பழச்சாற்றின் சீனியையும் போட்ட சீனியோடு சேர்த்தே எண்ணி, நாளொன்றுக்கு 25 கிராமளவில், அதாவது ஆறு தேக்கரண்டியளவில், நிறுத்துவது மேலும் நன்று என்று கூறியிருப்பதையும் எடுத்துக் காட்டினார். அது நோயாளருக்கு மட்டுமன்று, நோயற்றவர்க்குந்தான்.

வீட்டுக்கு வந்து எமது அன்னாசி உறைசர்பத்துக்குக் கணக்குப் பார்த்தோம். அரைக் கிலோ அன்னாசியில் 50 கிராம் சீனி, 200 கிராம் பப்பாசியில் 16 கிராம், கதலிப்பழத்தில் 7 கிராம் வரை, ஆக 73. எட்டுப் பங்காக்கினால் ஒரு பங்குக்கு 9 கிராம். அதே எடையுள்ள கடைப் பண்டத்தில் 25 கிராமளவில் இருக்கும். ஆகவே மூன்றிலொரு பங்கே. ஆனால் மூன்று கிண்ணம் உண்டால் இரண்டும் ஒன்றே! 2016 ஆகஸ்டு முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களின்மேல் சீனியளவைக் காட்டும் வர்ண வட்டம் இடவேண்டும் என்று விதித்தனர். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. அந்த வட்டத்தைப் பார்த்துப் போத்தலைத் திரும்ப வைக்க எம் மகள் கற்றுக்கொண்டாள். வீட்டுக் கிண்ணத்துக்கு வட்டம் இடுவார் யார்?

கொட்டாஞ்சேனையில் விவேகானந்த மேட்டுக்கு அண்மையில் வசிக்கும் எம் தமக்கையார் இச்செய்தியறிந்து ஓடி வந்தார். வரும்போது பனங்கட்டிக் குட்டான் இரண்டு கொண்டுவந்தார். “இதைக் கரைச்சு ஊத்து. சீனிதான் கூடாது, பனங்கட்டி ஒண்டுஞ் செய்யாது” என்றார். இந்நம்பிக்கை எம்மவரிடையே வேரோடியிருக்கின்றது. பனங்கட்டியிலும் கித்துள் பாணியிலும் தேனிலும் சுவையுண்டு, மணமுண்டு, சிறிது தாதுப்பொருளும் உண்டு. ஆனால் அவற்றிற் பெரும்பகுதி சீனியே. அக்கா மனவருத்தத்தோடு குட்டானைத் திரும்ப எடுத்தார். பின்பு, நீரிழிவுக்கு நல்லதாமென்று அயலார் சொன்னதாக, காமரங்காயை அரைத்துச் செய்வோமா என்று கேட்டார். அதற்கு நாம் உடன்படவில்லை. காமரங்காயும் பிலிம்பிக்காயும் சிறுநீரகம் பழுதடைந்தோர்க்குப் பெருந்தீங்கு விளைக்கக்கூடியவை. வெறும் வயிற்றிலே அவற்றின் சாற்றை மிகுதியாகக் குடித்துச் சிறுநீரகம் பாதிப்புற்றோர் பற்றி இலங்கை வைத்தியர்களே எழுதியிருக்கின்றனர். நீண்டகால நீரிழிவு சிறுநீரகத்தையும் பதம்பார்க்கக்கூடிய நோயாகையால், அந்த மருந்தை அயலாருக்கும் விலக்கிச் சொல்லுவதே நன்று.

கொடித்தோடை நன்றாக வருகின்றது. விதையை மட்டும் வடித்துவிட்டுப் பப்பாசியோடு சேர்த்தால் அதன் புளிப்பே இனிப்பை எடுத்துக் காட்டும். சிவந்த கொய்யாவை அரைத்துறைத்து, மேலே துளி மிளகாய்த்தூள் தூவினால் பிள்ளைகள் பாத்திரத்தைக் கழுவ வேண்டிய தேவையே வையார். விளாம்பழத்தையும் செய்து பார்த்தோம். அதனைப் பற்றி எழுதாதிருப்பதே நலம்.

மாம்பழத்துக்கு என்ன வழி என்று நெடுநாள் யோசித்தோம். பப்பாசி இரண்டு பங்கு, மாம்பழம் ஒரு பங்கு என்று கலந்து சீனியைக் குறைக்கலாம் என்று நாம் கணக்குப் போட்டுக் காட்டினோம். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கறுத்தக்கொழும்பானைப் பப்பாசியோடை கலக்கிறதோ? அது பாவம், தம்பி” என்றார். அவரே தீர்த்தும் வைத்தார். மாம்பழக் காலத்தில் மத்தியானச் சோற்றிலே ஒரு அகப்பை குறைத்துக்கொண்டு, உறையாத பழத்தில் இரண்டு கீற்று, தோலோடு, கையாலே எடுத்து உண்பார். அதனை எவரும் மறைத்து வைப்பதில்லை. அவரும் மறைந்து உண்பதில்லை. உறைசர்பத்து அன்னாசிக்கே உரியதாயிற்று.

இப்போது ஞாயிறு மாலையில் மணியோசை கேட்டால் மகள் ஒழுங்கைக்கு ஓடுவதைச் சற்றே தாமதிக்கின்றாள். முற்றிலும் நின்றுவிட்டாள் என்று சொன்னால் பொய்யாகும். சிலநாள் இரண்டையும் உண்கின்றாள். தட்டத்தை எடுத்து வந்து மேசையில் வைப்பதும் அவளே. அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாவு நிறுக்க வாங்கிய சிறு தராசை முன்னே இழுத்து வைத்துக்கொள்வார். கிண்ணங் கிண்ணமாக நிறுத்து, கூடினால் ஒரு கரண்டி எடுத்து, குறைந்தால் அரைக்கரண்டி இட்டு, பேத்திக்கும் மருமகளுக்கும் தமக்கும் பங்கிடுவார். எமது கிண்ணத்தையும் அவர் தராசிலே வைத்தபோது, எமக்கேன் இந்தச் சட்டம் என்று கேட்டுவிட்டோம்.

“உனக்கும் நாப்பத்தாறு ஆகுது. உன்ரை கொப்பருக்கு எத்தினை வயசிலை வந்தது எண்டு நினைவிருக்கோ?” என்று கேட்டுக்கொண்டே, எம் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டியை எடுத்துப் பேத்தியின் கிண்ணத்திலே போட்டார்.